டப்பாவைத் திறந்தால் ஓடும் ரயில்

எங்கள் மலையில் ரயில் கிடையாது. திருப்பத்தூருக்கு இறங்கினால்தான் தண்டவாளத்தையே பார்க்க முடியும். நெல்லிவாசல் பக்கம் ஒரு குக்கிராமத்தில், சாமையும் புளியும் விளைவிக்கிற வீட்டில் பிறந்த நான், வேலைக்காலம் முழுவதும் ரயில் செய்துகொண்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற ரயில்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது என்றுதான் இருந்தேன். போன மாதம் நஸ்ரின் போன் செய்தாள். நான் வேலை பார்த்த ரயில்வே பயிற்சிப் பள்ளியின் மாடல் ரூமுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

"மேடம், வண்டி ஒட்டுற கிட் மேசையை எடுத்துட்டோம். இனிமே எல்லாம் ரெடிமேடு வண்டிதான். புதுசா சேர்ந்த பசங்க கேக்குறாங்க, கடையில வாங்காம எதுக்கு உக்காந்து ஒட்டினாங்கன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நீங்களே எழுதிக் குடுங்களேன்."

சரி என்றேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் எவ்வளவு எழுத வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தோன்றிய அளவு எழுதுகிறேன்.

மாடல் ரூம் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டராகப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கூடம் அது. இடுப்பு உயர மேடையில் தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடும். நடுநடுவே பொம்மை அளவில் ஸ்டேஷன்கள், கைகாட்டிகள், பாதை பிரியும் இடங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எதிரே நிஜ லீவர்கள் நிற்கும். ஒரு ஸ்டேஷன்காரர் மணியடித்து வண்டி அனுப்பட்டுமா என்று கேட்க வேண்டும். அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் சொல்லி, பாதையைத் திருப்பி, பூட்டி, அதன்பிறகு லீவரை இழுத்துக் கைகாட்டியை இறக்க வேண்டும். அது இறங்கினால்தான் வண்டி உள்ளே வரலாம். வெளியே நடப்பது அத்தனையும் உள்ளேயும் நடக்கும். தவறு செய்தால் ஆள் அடிபட மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அங்கே போனது என் விருப்பத்தில் இல்லை. மலையிலிருந்த விடுதிப் பள்ளியில் படித்து, வேலூரில் ஐ.டி.ஐ. முடித்து, பரீட்சை எழுதி சிக்னல் பிரிவில் கலாசியாக, அதாவது கடைநிலை உதவியாளாக, சேர்ந்தேன். தண்டவாளத்தோரம் பெண்ணை எப்படி அனுப்புவது என்று அதிகாரிகள் யோசித்தார்கள். யோசனை முடியும்வரை மாடல் ரூமில் இருக்கட்டும் என்றார்கள். அந்த யோசனை கடைசிவரை முடியவில்லை. நானும் அங்கேயே படிப்படியாக மேலே வந்தேன்.

அப்போது மாடல் ரூமின் சூப்பர்வைசர் வரதராஜன் சார். ஆரணிக்காரர். முழுக்கைச் சட்டை போட்டு வருவார். மேசையில் உட்காருமுன் கைகளை மடித்து, கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். வார் உரசினால் பெயின்ட்டில் கீறல் விழும் என்பதற்காக. பெரிய அதிகாரியிடமும் என்னிடமும் ஒரே மாதிரி "ங்க" போட்டுத்தான் பேசுவார்.

வண்டிகள் அந்தக் காலத்தில் கிட்டாகத்தான் வரும். சென்னையில் ஒரு கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவார். தட்டையான அட்டை டப்பா. திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் பெட்டியின் பக்கங்களும் கூரையும் படிகளும் காய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர் உறையில் சக்கரங்கள். யாருக்கும் புரியாத ஏதோ ஒரு மொழியில் படம் போட்ட காகிதம். அந்த ஊர் வேகனை நம் ஊர் வேகனாக மாற்றுவதும் எங்கள் வேலை. கதவு வாசலை இழைத்து அகலமாக்கி, செங்கல் நிறம் அடித்து, மெல்லிய தூரிகையால் எழுத்து எழுதுவோம்.

எழுதக் கேட்டதால் முறையையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்திலிருந்து உறுப்பைப் பிய்க்கக் கூடாது, நறுக்க வேண்டும். நறுக்கிய இடத்தில் துருத்திக்கொண்டிருப்பதை அரம் போட்டுச் சமன் செய்ய வேண்டும். பிறகு பசையில்லாமல் பொருத்திப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். பொருத்தியதைக் கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி, எல்லாச் சக்கரமும் கண்ணாடியைத் தொடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மயிரிழை தூக்கியிருந்தாலும் அந்த வண்டி வளைவில் கவிழும். எல்லாம் சரியென்றால் ஊசிமுனையில் பசை எடுத்து மூட்டில் வைக்க வேண்டும். மறுநாள் வரை தொடக்கூடாது. காய்ந்தபின் அடியில் இரும்பு நட்டுகளை ஒட்டிக் கனம் ஏற்ற வேண்டும். கனமில்லாத வண்டி தண்டவாளத்தில் நிற்காது.

என் முதல் வேகனைச் சார் தண்டவாளத்தில் வைத்து ஒற்றை விரலால் தள்ளினார். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். வண்டி தள்ளாடியது. தப்பு என்று அவர் வாயில் வராது.

"ராணிம்மா, இது இன்னும் இன்னாவோ சொல்லுதுங்க. நீங்களே கேட்டுப் பாருங்க" என்று என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அது என் மேசையிலேயே கிடந்தது. கோபமாக வந்தது. சரியாக ஓடிய அன்று அவர் கைக்கடிகாரத்தை மாட்டிக்கொண்டு எனக்கு டீ வாங்கிவரப் போனார்.

இப்படி ஒவ்வொரு வண்டியையும் பெற்றெடுத்த மாதிரி செய்வதில் ஒரு சங்கடமும் இருந்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. மேடையைச் சுற்றி கம்பித் தடுப்பு, "தொடாதீர்கள்" என்று பலகை. அவர்கள் லீவரை இழுக்கலாம். வண்டியை ஓட்டுவது நாங்கள். வண்டி கவிழப் போகிற மாதிரித் தெரிந்தால் நாங்களே மின்சாரத்தை நிறுத்திவிடுவோம். வகுப்பு நடக்கிற நேரமெல்லாம் எங்கள் கண் வண்டிமேல்தான், ஆள்மேல் இல்லை.

அந்த நிலையில்தான் அருணகிரி வந்தார்.

அவர் எங்கோ ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டர். நடுத்தர வயது, அமைதியான மனிதர். அவருடைய ஸ்டேஷனுக்குள் ஒரு சரக்கு வண்டி நுழைந்தபோது, பாதை பிரியும் இடத்தில் கல் சிக்கித் தண்டவாளம் முழுதாக ஒட்டாமல் இருந்திருக்கிறது. வண்டியின் முன்பாகம் தாண்டிவிட்டது. கடைசியில் வந்த கார்டு பெட்டி கவிழ்ந்தது. கார்டுக்கு ஒரு கால் போய்விட்டது. விசாரணையில் அருணகிரிமேல் தவறில்லை என்று முடிவானது. மறுபடி வேலையில் சேருமுன் எங்களிடம் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள்.

வகுப்பில் கேட்ட விதிக்கெல்லாம் அவர் தயங்காமல் பதில் சொன்னார். மணிக்குப் பதில் மணி அடித்தார். பாதையைத் திருப்பினார், பூட்டினார். கைகாட்டி லீவரைப் பிடித்தார். அதோடு சரி. கை லீவர்மேல் இருக்கிறது, இழுக்கவில்லை. முகம் வியர்த்துக் கொட்டுகிறது. வெளியே கைகாட்டிக்கு முன்னால் எங்கள் சின்ன வண்டி காத்துக்கொண்டு நிற்கிறது. கூட இருந்தவர்கள் மெல்லப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

பள்ளி முதல்வர் வரதராஜன் சாரைக் கூப்பிட்டு, நான் இருக்கும்போதே சொன்னார்.

"பயிற்சி முடியுறதுக்குள்ள அவரு ஒரு வண்டியாச்சும் கைகாட்டி இறக்கி உள்ள வாங்கணும் சார். இல்லேன்னா இந்த வேலைக்குத் தகுதியில்லைன்னுதான் எழுதணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது."

சார் அருணகிரியை மேசைக்கு அழைத்துவந்தார். ஒரு கிட் டப்பாவை முன்னால் வைத்தார். கார்டு பெட்டி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போயும் போயும் அதையா கொடுப்பது?

"எனக்கு உடம்புல ஒண்ணும் இல்லைங்க சார்" என்றார் அருணகிரி.

"இருக்குதுன்னு யாருங்க சொன்னது? வேலை நெறைய கீது, ஆள் இல்லை. கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க."

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அருணகிரிக்குக் கை நன்றாகவே வந்தது. நறுக்குவார், அரம் போடுவார், ஊதித் தூசி தட்டுவார். முதல் நாள் பேச்சே இல்லை. இரண்டாம் நாள், பெட்டியின் ஓரத்துப் படியை இடுக்கியில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் படியிலதாம்மா நின்னுட்டிருந்தாரு. என்னைப் பார்த்து பச்சைக்கொடி காட்டத் தயாரா நின்னாரு. எனக்கு அவர் மூஞ்சி தெரிஞ்சுது."

"இப்ப ஒட்டலாங்களா, அப்புறம் ஒட்டலாங்களா?" என்று கேட்டேன்.

"இப்பவே ஒட்டிடலாம்" என்றார். ஒட்டினார்.

பெட்டி பிரமாதமாக வந்தது. வரதராஜன் சார் விரலால் தள்ளினார், அது நூல் பிடித்த மாதிரி ஓடியது. அதை ஒரு சரக்கு வண்டியின் வாலில் கோத்தார். எனக்கு அவருடைய திட்டம் புரிந்தது. தன் கையால் செய்த வண்டி வாசலில் நின்றால் உள்ளே கூப்பிடாமல் இருப்பாரா என்ற கணக்கு.

"அருணகிரி சார், உங்க வண்டி வெளியில நிக்குது. உள்ள வாங்கிக்குங்க."

அருணகிரி லீவரைப் பிடித்தார். பெட்டியைப் பார்த்தார். லீவரை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முடியலைங்க. அது கவுந்துட்டா? அவ்ளோ பாடுபட்டுச் செஞ்சது."

நாங்கள் அவருடைய பயத்துக்குப் பண்டுவம் பார்க்கப் போய், பயப்படுவதற்கு இன்னொரு பொருளையும் கையில் கொடுத்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்தார். அதில் அவருடைய சலூன் பெட்டி இருந்தது. பெரிய அதிகாரிகள் போகிற பெட்டியின் மாடல். உள்ளே நாற்காலி, மேசை, ஜன்னலுக்கு அவருடைய மனைவியின் பழைய பட்டுப்புடவையில் வெட்டிய திரை. வருகிற விருந்தாளிகளுக்குக் காட்டுவார்களே தவிர, அதை ஓட்டி நான் பார்த்ததில்லை. அதை எடுத்து ஓர் எஞ்சினுக்குப் பின்னால் கோத்தார். பாதை பிரியும் இடத்தைக் கையாலேயே பாதியில் நிறுத்தினார், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல். மின்சாரக் குமிழைத் திருகினார்.

"சார், வேணாங்க சார்" என்று கத்தினேன்.

எஞ்சின் அந்த இடத்தைத் துள்ளித் தாண்டிப் போய் நின்றது. சலூன் பெட்டி சாய்ந்தது, மேடை விளிம்பில் ஒரு கணம் தொங்கியது, தரையில் விழுந்தது. கூரை தனியாகக் கழன்று மேசைக்கடியில் போனது. குட்டி நாற்காலிகள் எங்கும் சிதறின.

சார் அருணகிரியைப் பார்த்தார்.

"கவுந்துடுச்சுங்க. கவுந்தா இன்னா பண்ணுவோம்? எடுத்து வெப்போம்."

அருணகிரி எழுந்து நின்றாரே தவிர லீவர் பக்கம் வரவில்லை. சாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெட்டி இப்படி வீணாகப் போய்விடக் கூடாது என்று எனக்குள் ஏதோ பொங்கியது. என்னுடைய வண்டிகளிலேயே எனக்குப் பிடித்தது ஒரு பெட்ரோல் டாங்க் வேகன். அதன் ஏணியை மெல்லிய கம்பியில் படிபடியாகச் சூடுவைத்து ஒட்டியிருந்தேன். அதைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தேன். ஓங்கித் தள்ளினேன். அதுவும் அதே இடத்தில் குதித்து, உருண்டு, கீழே விழுந்தது. ஏணி இரண்டாக முறிந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அடுத்து எதை எடுக்கலாம் என்று திரும்பினேன்.

"ஐயோ, போதும்மா! போதுங்க! எல்லாத்தையும் ஒடச்சிப்புடுவீங்க போல கீதே!" என்று அருணகிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஓடிவந்தவர் குனிந்து டாங்க் வேகனை எடுத்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். பள்ளிக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது. வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முகம் கழுவிவிட்டு வந்து அருணகிரி பாதையைத் திருப்பினார், பூட்டினார், ஒட்டியிருக்கிறதா என்று கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். திரும்பிவந்து லீவரை இழுத்தார். கைகாட்டி இறங்கியது. நான் வண்டியை மெதுவாக உள்ளே விட்டேன். வாலில் கார்டு பெட்டி ஆடாமல் அசையாமல் அவர் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் முதல்வர் முன்னால் மூன்று வண்டிகளை உள்ளே வாங்கி, மூன்றையும் அனுப்பினார். அதன்பின் பணி ஓய்வு வரை அவர் ஸ்டேஷன் மாஸ்டராகவே இருந்தார். அந்தக் கார்டுக்குச் செயற்கைக் கால் பொருத்தி அலுவலக வேலை கொடுத்திருந்தார்கள். தான் அவரைப் போய்ப் பார்த்ததாக அருணகிரி ஒருமுறை சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

சலூன் பெட்டியைச் சார் திரும்ப ஒட்டினார். பழைய மாதிரி வரவில்லை. கூரையில் கோடு தெரிந்தது. ஆனால் அதை அலமாரிக்குள் வைக்காமல் ஓட்ட ஆரம்பித்தார்.

பிறகு கடைக்காரரிடம் கிட் கேட்டால் இழுத்தடிக்க ஆரம்பித்தார். "கிட்டு இப்ப யாரும் வாங்குறதில்லைங்க. டப்பாவைத் திறந்தா ஓடணும்னு கேக்குறாங்க" என்பார். முதல் ரெடிமேடு எஞ்சின் வந்தது சாரின் கடைசி வருஷத்தில். மின்விளக்கு எரிந்தது, கைப்பிடிக் கம்பிகள் நாங்கள் செய்வதைவிட மெல்லியதாக இருந்தன. அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லோரும் சுற்றி நின்றோம். எனக்கு உள்ளூர வயிற்றெரிச்சல்.

அவர் கடிகாரத்தைக் கழற்றினார். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோனார். அது சத்தமே இல்லாமல் ஊர்ந்து வந்து அவர் மூக்குக்கு எதிரே நின்றது.

"இன்னா அழகா போவுது பாருங்க ராணிம்மா. இத்தினி வருஷமா ஒட்டிட்டே இருந்துட்டோம். ஆசையா ஓட்டவே இல்லியே."

அன்று மத்தியானம் சாப்பிடவும் போகாமல் ஓட்டினார். கூட்டிக் குறைத்து, முன்னும் பின்னும், எல்லா ஸ்டேஷனிலும் நிறுத்தி. முதல்வர் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவருக்குப் பிறகு பொறுப்பு எனக்கு வந்தது. நம் ஊர் எஞ்சின்களும் பெட்டிகளுமே ரெடிமேடாக வரத் தொடங்கின. உண்மையைச் சொல்ல வேண்டுமே, அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கு முழுதாகத் தெரியாது. கெட்டால் உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையையே மாற்ற வேண்டும். ஆனால் கம்பித் தடுப்பையும் "தொடாதீர்கள்" பலகையையும் எடுக்கச் சொன்னது நான்தான். பயிற்சிக்கு வந்தவர்களே வண்டியை எடுத்து வைத்தார்கள், அவர்களே ஓட்டினார்கள். தப்பான பாதையில் விட்டு மோதவிட்டார்கள், கவிழ்த்தார்கள், ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு திரும்ப எடுத்து வைத்தார்கள். என் கண் அப்போதுதான் வண்டியை விட்டு ஆட்கள் பக்கம் திரும்பியது. யாருடைய கை லீவரிலேயே நின்றுவிடுகிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

ஆகவே, நஸ்ரின், உன் பசங்களிடம் சொல்: அப்போது கடையில் கிடைத்தது அதுதான், அதனால் ஒட்டினோம். ஒட்டியது எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மேசையை நீ எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. பசை வாசனை மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்றபின் எனக்கென்று ஒரு ரெடிமேடு செட் வாங்கினேன். வட்டமாகத் தண்டவாளம், ஓர் எஞ்சின், சில பெட்டிகள். அதோடு ஜீப்பில் மலையேறினேன். என் அண்ணன் மாதன் வாழ்நாளில் ரயில் ஏறியதில்லை. ஏறி எங்கே போவது என்பார். வீட்டுக்குள் தண்டவாளத்தை விரித்து மாட்டியபோது, வேலையை விட்டுவிட்டு வந்து குந்தினார். அண்ணி பக்கத்தில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

வேகம் கூட்டுகிற குமிழை அண்ணன் கையில் கொடுத்து, "மெதுவா திருப்புண்ணா" என்றேன்.

அவர் ஒரே திருகு. வண்டி வளைவில் பறந்து, முறத்துச் சாமைக்குள் தலைகுப்புற விழுந்தது.

அண்ணி, "அடக் கடவுளே, இன்னாத்துக்கு இப்பிடி மொரட்டுத்தனமா திருப்புற?" என்று கத்தினார். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. குமிழைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இது நீ கையால செஞ்சதா?"

"இல்லண்ணா. கடையில வாங்கினது. டப்பாவைத் திறந்தா ஓடும்."

"நெசமாத்தான?"

"நெசமாத்தாண்ணா."

பெருமூச்சு விட்டார். எஞ்சினை எடுத்துச் சாமையை ஊதித் தள்ளி, சக்கரத்தைத் தண்டவாளத்தில் தானே உட்கார வைத்தார்.

"அப்பப் பரவால்ல. நீ திருப்பு, நான் பாக்குறேன்."

வேலைக்காலம் முழுவதும் நான் எந்த வண்டியையும் பாதிக்கு மேல் வேகமாக விட்டதில்லை. குமிழைக் கடைசிவரை திருகினேன்.